நீ வெட்டிய இரண்டு கம்பிகள்

ரகு,

இன்று காலை எழுந்ததும், கதவுக் கைப்பிடியில் தொங்கிய பால் பாக்கெட்டைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல், உன் அப்பாவின் சவர பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். துர்கா பூஜை விடுமுறைக்குக் கல்கத்தா வந்தபோது உன் பழைய எம்.பி.த்ரீ பிளேயரில் பாட்டுகளை நிரப்பி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். சார்ஜ் போடுவதற்கு ஒரு கறுப்பு யூ.எஸ்.பி. கேபிளும் கொடுத்தாய். அதன் நடுவில் விரல் நீளத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. "இந்த இடத்துல பிஞ்சிருந்ததும்மா, ஒட்டியிருக்கேன், பிரிச்சிடாதே" என்றாய். மூன்று மாதம் நான் பிரிக்கவில்லை. இன்று பிரித்தேன். உள்ளே சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் முழுசாக ஓடின. பச்சையும் வெள்ளையும் வெட்டப்பட்டிருந்தன. பிய்ந்துபோன கம்பிக்கும் வெட்டிய கம்பிக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை நான். ஒன்றோடொன்று உரசிவிடாமல் இருக்க ஒன்றைக் குட்டையாகவும் மற்றதைச் சற்று நீளமாகவும் நறுக்கி, முனைகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றி மடித்து வைத்திருந்தாய். பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

உன் அப்பா பல் தேய்த்துவிட்டு வந்தார். "காலங்காத்தால கேபிளைக் கீறிக்கிட்டு உக்காந்திருக்கே. காபி எங்கே?"

"இன்னும் போடல."

"சனிக்கிழமை லாரி வருது. கிச்சன்ல ஒரு சாமான்கூடக் கட்டல. இதுக்குள்ள என்னத்தைத் தேடறே?"

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தேன்."

"ஒரு கேபிளுக்குள்ள என்ன இருக்கும்?" என்று சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் ஒன்பது நாட்களாக அவருக்குக் காபி போட்டு, டிபன் கட்டிக் கொடுத்து, பெட்டிகளுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருக்கிறேன். அவரிடம் பேசுவதற்கு முன்னால் உன்னிடம் பேச வேண்டும். போனில் என்றால் நீ "அம்மா, மீட்டிங்" என்பாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதன் முதுகுப் பக்கம் இரண்டு தட்டையான ஓட்டைகள் இருந்தன. எதற்கு என்று கடைக்காரருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ எங்கிருந்தோ கொண்டுவந்த, அந்த ஓட்டையில் சொருகுகிற கெட்டுப்போன மவுஸ் ஒன்றின் வாலை வெட்டி எடுத்து நாம் இருவரும் இதே மேசையில் உட்கார்ந்து உரித்தோம். நான்கு கம்பிகள். என் பள்ளி லேபிலிருந்து மீட்டர் கொண்டுவந்திருந்தேன். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் முள் ஐந்து வோல்ட்டில் போய் நின்றபோது நீ குதித்த குதியில் கீழ்வீட்டு மாஷிமா என்ன ஏது என்று மேலே ஏறி வந்துவிட்டார். உடைந்த டேப் ரெக்கார்டரின் மோட்டாரும், தண்ணீர் பாட்டிலில் வெட்டிய இறக்கையும் வைத்துக் குட்டி ஃபேன் செய்தோம். "சிவப்பு வழியா மின்சாரம் போகுது, கறுப்பு வழியா திரும்பி வருது. அவ்வளவுதான். பேட்டரியோட ரெண்டு முனை மாதிரி" என்றேன். நீ கேட்டாய்: "அப்ப பச்சையும் வெள்ளையும் எதுக்கும்மா?"

"அது ரெண்டும் பேசறதுக்கு. கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லும், இது ஒண்ணு சொல்லும். சேதி போற வழி."

"ஃபேன் பேசாதே."

"பேசாது. நமக்கு அது வேணாம். வெட்டிடு. ஆனா ரெண்டு முனையும் உரசக்கூடாது, ஒண்ணைக் குட்டையா வெட்டு."

வெட்டினாய். ஃபேன் சுற்றியது. உனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு எரிமலைக்குப் போய்விட்டதே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய்.

அந்த வருஷங்களில் நீதான் எனக்குத் துணை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். நான் பாலிகஞ்சில் இந்தப் பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து முடித்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. வங்காளி சரியாக வராது. நீ என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, துண்டைத் தோளில் போட்டு, நீயே வகுப்பில் சத்தம் போடும் முப்பது பெண்களாக நடித்தாய். "அடக்கும்மா எங்களை, அடக்கு பாக்கலாம்" என்று தலையணையை எறிந்தாய். நான் பேசாதே என்று வங்காளியில் "சுப் கொரோ" எனக் கத்தினால், "இப்படிச் சொன்னா ஒருத்தியும் பயப்பட மாட்டா. இங்க வயித்துலேருந்து சொல்லு" என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினாய். முதல் நாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது கரியாஹாட் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாய். "அழுதியா?" என்று கேட்டாய். "இல்லை" என்றேன். "அப்ப நீ பாஸ்" என்றாய். என்னை விட்டுக்கொடுக்காத ஒருவன் உண்டென்றால் அது நீ என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஒன்பது நாட்களுக்கு முன்புவரை அது மாறவில்லை.

நம்மைப் போன்ற மத்திய அரசு வேலைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. உனக்கு அது வழக்கம் என்றே தெரியாது, பிறந்ததிலிருந்து அதற்குள் இருந்தவன் நீ. மரப்பெட்டிகளை நாம் எறிவதில்லை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி, தையல் மெஷினுக்கு அடித்த பெட்டி எல்லாம் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் காத்திருக்கும். டிரங்குகளின் பக்கவாட்டில் ஊர்ப்பெயர்கள் பெயின்டில் வரிசையாக இருக்கும். விசாகப்பட்டினம், அதன் மேல் ஒரு கோடு. கொச்சி, அதன் மேல் ஒரு கோடு. கல்கத்தா. இன்னொரு வழக்கம், 'ஆர்டர் வந்திடுச்சு' என்று வீட்டுக்காரர் சொன்னால் அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மழை வந்துவிட்டது என்பது மாதிரி. யாரும் மழையிடம் ஏன் என்று கேட்பார்களா? விசாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக எட்டு மாதம் வேலை பார்த்தேன். உனக்கு நினைவிருக்காது, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். ஆர்டர் வந்தது. மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொச்சியில் பி.எட். சேர்ந்து பாதியில் இருந்தேன். ஆர்டர் வந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு முறைகூட அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், படிக்கிறேன் என்று நான் கேட்டதில்லை. என்ன இருக்கப்போகிறது அதில்? ஊர், தேதி, ஒரு கையெழுத்து. இது என் தவறு. இதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

நவம்பரில், தீபாவளி முடிந்த வாரம், அப்பா ஆஃபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "தூக்கிப் போட்டுட்டான். சென்னை. ஜனவரி கடைசிக்குள்ள ரிலீவ் ஆகணும்." அதற்கு மூன்று நாட்கள் முன்னால்தான் எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, ஒன்பது வருஷத் தற்காலிகத்துக்குப் பிறகு என் பதவி நிரந்தரமாகிறது என்று சொல்லியிருந்தார். அவரைப் பள்ளி முழுக்க 'பொடோதி' என்றுதான் அழைப்போம், பெரியக்கா என்று அர்த்தம். வீட்டில் பாயசம் வைத்தேன். அந்தப் பாயசம் ஃபிரிட்ஜில் இருக்கும்போதே ஆர்டர் வந்துவிட்டது. அன்று ராத்திரி உனக்கு போன் செய்தேன். அழுதேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "என்னம்மா பண்றது, கவர்ன்மென்ட் ஆர்டர். அப்பா மட்டும் வேணும்னா பண்ணினாரு? பாவம், அவரே அப்செட்டா இருப்பாரு. நீ அவரை ஒண்ணும் கேக்காதே." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எவ்வளவு பக்குவம் என்று நினைத்தேன். அப்பாவுக்குச் சூடாக இன்னும் இரண்டு தோசை வார்த்தேன்.

மறுநாள் ராஜினாமாவை எழுதிக்கொண்டு போனேன். பொடோதி படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "உன் கணவருக்கு ஆர்டர் வந்தால் நீ ஏன் எனக்குக் கடுதாசி கொடுக்கிறாய்?" என்று வங்காளியில் கேட்டார். எங்கள் வீடுகளில் அப்படித்தான் என்றேன். "ஜனவரி கடைசி வரை இது என் டிராயரில் தூங்கட்டும். கமிட்டிக்கு இப்போது அனுப்பமாட்டேன்" என்றார். அது எனக்கு அனாவசியமான கருணையாகத் தோன்றியது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இப்போது அந்த பிளேயரின் கதைக்கு வருகிறேன். தினமும் காலையில் அதைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டு கேட்டபடியே காய் நறுக்குவேன். சார்ஜ் ஏற நாள் முழுக்க ஆகும். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால்கூட முழுசாக ஏறியிருக்காது. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை டிரங்கை இழுக்கும்போது அது கேபிளின் முனைமேல் ஏறி நசுக்கிவிட்டது. பள்ளி விட்டதும் கரியாஹாட்டில் இறங்கி, நடைபாதையில் போன் கவரும் சார்ஜரும் தொங்கவிட்டு விற்கிறவரிடம் போனேன். என் கேபிளைப் புரட்டிப் பார்த்து, "ஃபேலே தின், தீதி" என்று தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் புதியது ஒன்றை நீட்டினார். எனக்குத்தான் பழக்கம் விடாதே. "இதுக்குள்ள எத்தனை கம்பி? நாலும் இருக்கா?" என்று கேட்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்து, என்னை டீச்சராக்கிக் கேட்டார். "தீதிமோணி, கேபிள் வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" பிறகு தன் போனில் சொருகி, ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். "பாருங்க, சார்ஜும் ஆகுது, படமும் தெரியுது. நாலும் இருக்கு. நூத்துக்கு நூறு போடுங்க" என்றார். நானும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சொருகியதும் பாட்டு சட்டென்று நின்றது. பிளேயரின் சின்னத் திரையில் 'கனெக்டட்' என்று வந்தது. கம்ப்யூட்டர் டிங் என்று ஒரு சத்தம் போட்டது. மூன்று மாதத்தில் அது அந்த பிளேயரைப் பார்த்து அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. திரையில் ஒரு பெட்டி திறந்தது. உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றில் என் பாட்டுகள். இன்னொன்றின் பெயர் 'வாய்ஸ்'. நீ பிளேயரைக் கொடுக்கும்போது, "'எம்'னு எழுத்துப் போட்ட பட்டனை மட்டும் தொடாதேம்மா, செட்டிங் எல்லாம் மாறிடும்" என்றிருந்தாய். நான் தொட்டதே இல்லை. அந்தப் பட்டன் வழியாகப் போனால் இந்த இடத்துக்கு வரலாம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஃபோல்டரில் ஒரே ஒரு பதிவு. நீ சின்ன வயசில் பாடியது எதையாவது அதில் சேர்த்து வைத்திருப்பாய், எனக்கு ஆச்சரியம் கொடுக்க, என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இயர்போனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகிக்கொண்டு கிளிக் செய்தேன்.

முதலில் துணி உரசுகிற சத்தம். உன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது, ரெக்கார்டு பட்டன் எப்படியோ அமுங்கியிருக்கிறது. தூரத்தில் பூஜைப் பந்தலின் டாக் மேளம். அஷ்டமி காலை. நான் வீட்டில் அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நீங்கள் இருவரும் இனிப்பு வாங்கிவரப் போனீர்கள். அப்பாவின் இருமல். அப்புறம் உன் குரல்.

"அம்மாகிட்ட எப்பப்பா சொல்லப்போறீங்க?"

"தீபாவளி முடியட்டும். அதுக்குள்ள ஆர்டர் கைக்கு வந்திடும். நான் கேட்டு வாங்கினேன்னு தெரிஞ்சா உங்கம்மா கிளம்ப மாட்டா."

"அவங்க போஸ்ட் பர்மனென்ட் ஆகப்போகுதுன்னு சொல்லிட்டிருந்தாங்களே."

"ஆமா, பெரிய கலெக்டர் போஸ்ட். பொழுது போகாம போறா. சென்னைல இல்லாத ஸ்கூலா?"

"ம்."

கொஞ்ச நேரம் மேளம்தான். பிறகு நீ சொல்கிறாய்: "கேட்டு வாங்கினதுன்னு ஏம்ப்பா சொல்றீங்க? ஆர்டர்னு மட்டும் சொல்லுங்க. ஆர்டர்னா அம்மா எதுவும் கேக்க மாட்டாங்க. இதுவரைக்கும் கேட்டிருக்காங்களா?"

அப்பா சிரிக்கிறார். "உங்கம்மாவை நல்லா படிச்சு வச்சிருக்கடா."

நீயும் சிரிக்கிறாய். கடை வந்துவிடுகிறது. யாரோ வரிசையில் தள்ளுகிறார்கள். நீ சொல்கிறாய்: "அம்மாவுக்கு மிஷ்டி தொய் வாங்கிடலாம்பா. அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதோடு முடிகிறது. அந்த இனிப்புத் தயிரை அன்று மத்தியானம் நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். நீ மண்சட்டியைச் சாய்த்து, அடியில் இருந்ததையும் எனக்கே வழித்துப் போட்டாய்.

ரகு, உன் அப்பா பேசியதற்கு எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை. அவர் தன் அண்ணன் தம்பிகள் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். என் வேலையை அவர் வேலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்டுக் கேட்டுத் திரும்பப் போட்டது உன்னுடைய அந்த 'ம்'மை. பொழுது போகாமல் போகிறாள் என்று அவர் சொன்னபோது, வயிற்றிலிருந்து பேசு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன், 'ம்' என்றாய். அதைவிட, என்னை எப்படி வழிக்குக் கொண்டுவரலாம் என்று வழி சொல்லிக்கொடுத்தது நீ. அது அவருக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. கூடவே இருந்து பார்த்தவனுக்குத்தானே தோன்றும்.

மறுநாள் அப்பா குளிக்கப் போனபோது பீரோவைத் திறந்து ஆர்டரை எடுத்துப் படித்தேன். என் வாழ்நாளில் படித்த முதல் ஆர்டர். ஊர், தேதி, கையெழுத்து. நடுவில் ஒரு வரி, 'அவரது சொந்த வேண்டுகோளின் பேரில்'. யாரும் மறைத்துக்கூட வைக்கவில்லை. எல்.ஐ.சி. ரசீதுகளோடு, நான் தினமும் திறக்கிற பீரோவில், இரண்டு மாதமாக அது அங்கேயே கிடந்திருக்கிறது. நான் பார்க்கமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம்.

ஒன்பது நாளாக ஒரே ஒரு விஷயத்தில்தான் என் மனம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் இன்று நசுங்கிய கேபிளை எடுத்துக் கீறினேன். பச்சையையும் வெள்ளையையும் எதற்காக வெட்டினாய்? புதுக் கேபிளில் ஒன்றைக் கவனித்தேன். நான்கு கம்பியும் சேர்ந்திருந்தால், கம்ப்யூட்டர் பிளேயரோடு பேசத் தொடங்கிவிடுகிறது, பாட்டு நின்றுவிடுகிறது. இரண்டை வெட்டிவிட்டால் அதற்குக் கம்ப்யூட்டர் இருப்பதே தெரியாது. மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருக்கும், பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா காய் நறுக்கும்போது பாட்டு நிற்கக்கூடாது என்று நீ மெனக்கெட்டு உட்கார்ந்து வெட்டியிருக்கலாம். அப்படியானால் பிய்ந்துபோனது என்று ஏன் சொன்னாய்? அந்தப் பதிவு உள்ளே இருப்பது தெரிந்தா வெட்டினாய்? தெரிந்திருந்தால் அழித்திருப்பாயே. அழிக்க நேரமில்லையா? எம் பட்டனைத் தொடாதே என்றது எதற்கு? ஒரு பக்கம் நின்று பார்த்தால் முழுக்க அன்பாக இருக்கிறது. மறுபக்கம் நின்று பார்த்தால் என் பிள்ளை என்னைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டுக்கும் ஒரே டேப், ஒரே கத்தரி. உன்னைப் பற்றி இப்படி ஒரு சந்தேகம் எனக்கு வரும்படி ஆக்கிவிட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இனி நீ எனக்கு எதைக் கொடுத்தாலும் நான் அதன் டேப்பைப் பார்ப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆசிரியையாக. அன்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது அரைகுறை. பச்சையும் வெள்ளையும் சேதிக்கு மட்டும், மின்சாரத்துக்கு அவை வேண்டாம் என்றேன். பின்னால் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்காகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. யூ.எஸ்.பி.யில் சொருகின உடனே ஒரு சாமானுக்குக் கிடைப்பது கொஞ்சம் மின்சாரம்தான், நூறு மில்லி ஆம்பியர் அளவுக்கு. அதற்குமேல் வேண்டுமென்றால், அந்தப் பச்சை, வெள்ளைக் கம்பிகள் வழியாக, எனக்கு இவ்வளவு தேவை என்று அது கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் சரி என்றால் ஐந்து மடங்கு வரை எடுத்துக்கொள்ளலாம். நம் ஃபேன் வெறும் மோட்டார், அதற்கு இந்த மரியாதை எல்லாம் தெரியாது, கிடைத்ததை இழுத்துச் சுற்றியது. பிளேயர் அப்படியில்லை. கேட்க வழியில்லாததால் அடிப்படைக்கு விட்டதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. புதுக் கேபிளில் அது இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. நான் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சாமான் இல்லை அது, ரகு. நன்றாகத்தான் இருந்தது.

உனக்கும் நாளைக்கு ஒருத்தி வருவாள். அவள் வேலைக்குப் போவாள், இல்லையென்றால் போக ஆசைப்படுவாள். அவளுக்காக நீ தயிர் வாங்குவாய், கேபிள் செய்து கொடுப்பாய், எல்லாம் செய்வாய், அந்த நல்ல மனசு உனக்கு உண்டு. அவளைப் பற்றிய முடிவை அவளிடம் கேட்டுவிட்டுச் செய். அவள் வேலையை ஒருவர் உன் எதிரில் பொழுதுபோக்கு என்று சொன்னால், அது உன் அப்பாவாகவே இருந்தாலும், 'ம்' என்று சொல்லாதே. அவள் எதையும் எதிர்த்துக் கேட்காதவளாக இருந்தால், அதை உனக்குக் கிடைத்த சௌகரியம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் அஷ்டமி அன்று அந்தத் தயிரோடு வந்து உட்கார்ந்து, "சென்னைக்குப் போகலாமா?" என்று என்னைக் கேட்டிருந்தால், நான் இரண்டு நாள் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வரக்கூடியவளைப் போய் ஏமாற்றினீர்களே.

டிரங்குகள் ஆறும் ஹாலில் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்து 'கல்கத்தா' மேல் கோடு போட்டு, கீழே 'சென்னை' என்று ஒவ்வொன்றாக எழுதினார். எழுத்து நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். ஐந்து பெட்டிகளில் எழுதி முடித்ததும் டப்பாவின் அடியில் கொஞ்சம்தான் பெயின்ட் மிஞ்சியது. ஆறாவதில் நீ எழுதிவிடு என்று பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தார். அது என் பெட்டி. என் புடவைகள், என் புத்தகங்கள், மீட்டர். நான் எழுதவில்லை. எழுதாத பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கவனிக்கவில்லை.

நேற்று டாலிகஞ்சில் மெட்ரோவிலிருந்து இறங்கி சும்மா நடந்தேன். ஒரு சந்தில், மாடி அறை வாடகைக்கு என்று எழுதி மாட்டியிருந்தது. நம்பரைக் கைக்குட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கூப்பிடவில்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுக் கூப்பிடுவேன். நாளை காலை பொடோதியின் அறைக்குப் போய், அவர் டிராயரில் தூங்கிக்கொண்டிருக்கும் என் காகிதத்தைத் திருப்பிக் கேட்பேன். அவருக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியாது. இந்த வரியை எழுதும்வரை எனக்கே முழுசாகத் தெரிந்திருந்ததா என்று தெரியவில்லை. சனிக்கிழமை லாரியில் ஐந்து பெட்டிகள் ஏறும்.